இருபத்தோராம் நாள் வாயில் வைத்தது

பால்கோவாவுக்குப் பதம் பார்ப்பதை நான் தனி வேலை என்று நினைத்ததே இல்லை. கை தானாகச் செய்யும். பால் சுண்டி, சர்க்கரை கலந்து, சட்டியின் ஓரத்தை விட்டு நடுவில் சேர்ந்து வருகிற நேரத்தில் துடுப்பின் நுனியில் ஒட்டியதை விரலால் வழித்து, இரண்டு விரலுக்கு நடுவே உருட்டிப் பார்த்து, அப்படியே நாக்கில் வைத்துவிடுவேன். விரல் பாதி சொல்லும், நாக்கு மீதி சொல்லும். ஒரு நாளைக்குப் பத்துச் சட்டி என்றால் பத்துத் தடவை. ஸ்ரீவில்லிபுத்தூரில் இந்த அடுப்புகளின் முன்னால் நிற்கிற எல்லோருக்கும் இதே பழக்கம்தான். நான் பதினான்கு வயதில் வந்து நின்றவன்.

அதனால் அந்த இருபத்தோரு நாள் உபவாசத்தைத் தொடங்கும்போது நான் பயந்தது பசிக்கு அல்ல, என் விரலுக்குத்தான்.

உபவாசம் மகளுக்காக. அவளை ராஜபாளையத்தில் கொடுத்திருக்கிறோம். மருமகன் பஞ்சு மில்லில் மிஷின் பழுது பார்க்கிறார். போன வருஷம் முதல் கரு ஐந்தாம் மாதத்தில் கலைந்துவிட்டது. அந்தத் தடவை அவளுக்கென்று நான் தனியாக உபவாசம் எதுவும் இருக்கவில்லை. இருக்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. ஆனால் கலைந்த பிறகு, நான் செய்யாமல் விட்டது அது ஒன்றுதான் என்ற எண்ணம் மனதில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இரண்டாவது பிள்ளை எட்டரை மாதத்தைத் தொட்டதும், யாரிடமும் கேட்காமல் ஆலயத்தில் முழங்கால் போட்டுக் கர்த்தரிடம் பொருத்தனையாக நேர்ந்துகொண்டேன். இருபத்தோரு நாள், காலையிலிருந்து சாயங்காலம் ஆறு மணி வரை தண்ணீரைத் தவிர வேறு எதுவும் வாயில் படாது. ஆண்டவரே, நீர் தாயையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்ளும்.

என் மனைவிக்கு என் குணம் தெரியும். பக்கத்து வீட்டுக்காரியிடம் அவள் சொன்னது என் காதில் விழுந்தது.

"இவிய கவலப்படுறதுக்குன்னே பொறந்தவிய. மழ பேஞ்சா ஓடு ஒழுகும்பாக, பேயலன்னா கெணறு வத்தும்பாக. இப்ப வயித்தையும் காயப் போட்டுட்டாக. சரி, அந்த ரெண்டு வேள சோறாவது எனக்கு மிச்சம்."

அவள் சொன்னதில் பொய் இல்லை. நான் பள்ளிக்கூடத்தை விட்ட கதையே அதுதான். எட்டாம் வகுப்பு முழுப் பரீட்சை, கணக்குப் பாடம். பள்ளிக்கூட வாசல் வரை போனேன். படித்தது எல்லாம் நினைவில்தான் இருந்தது. ஆனால் ஒரு கணக்கில் தப்பு விட்டால் எல்லாமே தப்பாகிவிடும் என்று தோன்றியது. கால் உள்ளே போகவில்லை. திரும்பி நடந்து பெரிய குளத்துக் கரையில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தேன். அப்பா அடிக்கவில்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டு, தான் வேலை செய்த பால்கோவா அடுப்புக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பரீட்சைக்குத் தப்பித்துவிட்டோம் என்றுதான் அன்று நினைத்தேன்.

கடையில் எடை போட்டுப் பொட்டலம் கட்டுகிறவர் ஒரு முஸ்லிம். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நான் அவரைப் பாய் என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். முப்பது வருஷமாக இப்படித்தான். முதல் நாளே அவரிடம் விஷயத்தைச் சொல்லி, எனக்குப் பதிலாக நாக்கில் வைத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டேன். விரலால் உருட்டுவது நான், வாயில் போடுவது அவர். ஒவ்வொரு சட்டிக்கும் முன்பக்கத்திலிருந்து எழுந்து வருவார்.

"நோம்பு ஒனக்கு, சீக்கு எனக்கா? இருவத்தோரு நாள் கழிச்சு நான் சுகர் டெஸ்டுக்குப் போவணும் மாப்ள" என்பார். ஆனால் ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை.

இருபது நாள் அப்படி ஓடியது. இருபத்தோராம் நாள் வெள்ளிக்கிழமை.

அன்று கான்சாபுரம் பக்கத்திலிருந்து வருகிற பால் வண்டி தாமதம். காலையில் ஏற்ற வேண்டிய சட்டி பதினொன்றரைக்குத்தான் ஏறியது. பன்னிரண்டே காலுக்குப் பாய் தொப்பியை எடுத்துக்கொண்டு ஜும்மா தொழுகைக்குக் கிளம்பினார்.

"நான் வாரதுக்குள்ள எறக்கிராத மாப்ள. தீயைக் கொறச்சு வையி. செத்த நேரத்துல வந்துருவேன்."

நான் சரி என்றேன். அடுப்புக்கு முந்திரிக்கொட்டைத் தோடுதான் போட்டு எரிப்போம். அதில் எண்ணெய் இருக்கும், குறைக்க நினைத்தாலும் சில நேரம் குபுகுபுவென்று பிடித்துக்கொள்ளும். அன்றும் பிடித்தது. நான் துடுப்பை விடாமல் கிண்டிக்கொண்டிருந்தேன். மனதில் என்ன ஓடியது என்பதையும் எழுதிவிட வேண்டும். இன்னும் ஐந்து மணி நேரம்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் சாட்சி சொல்ல எழுந்தால் எப்படி ஆரம்பிப்பது என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். 'பலவீனமான என்னையும் கர்த்தர் இருபத்தோரு நாள் தாங்கினார்' என்று. அந்த வாக்கியம் எனக்கே பிடித்திருந்தது. அதைச் சொல்லும்போது ஐயர் எப்படித் தலையாட்டுவார் என்பதுவரை பார்த்துவிட்டேன். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம்.

இனிப்பு கரைந்து தொண்டைக்குள் இறங்கிய பிறகுதான், விரல் வாயில் இருப்பது தெரிந்தது.

துடுப்பை அப்படியே போட்டுவிட்டுப் பின்பக்கக் குழாய்க்கு ஓடினேன். கொப்பளித்தேன். விரலைத் தொண்டைக்குள் விட்டு ஓங்கரித்தேன். காலையிலிருந்து குடித்த தண்ணீர்தான் வந்தது. சுண்டைக்காய் அளவு கோவா. அது வந்ததா இல்லையா என்று தெரியவில்லை. குழாயடியில் குந்தி, வந்த தண்ணீரில் வெள்ளையாக ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் சட்டி அடிப்பிடித்துவிட்டது.

பாய் திரும்பி வந்ததும் மூக்கை உறிஞ்சினார்.

"என்ன மாப்ள, தீஞ்ச வாட வருது?"

"மொகம் கழுவப் போனேன்" என்றேன்.

அன்றைக்குச் சொன்ன முதல் பொய் அது.

மூன்று மணிக்கு மருமகன் போன் செய்தார். பிரசவத்துக்கு டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் நாள் இருந்தது.

"மாமா, பனிக்குடம் ஒடஞ்சிருச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துட்டோம். அத்தையக் கூட்டிக்கிட்டு வாங்க. பதறாதீங்க."

பதற வேண்டாம் என்று அவர் சொன்னது எனக்குக் கேட்கவே இல்லை. மணியைப் பார்த்தேன். ஒரு மணிக்கு வாயில் வைத்தேன். இரண்டு மணி நேரம்.

ராஜபாளையம் பஸ்ஸில் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து உதடு அசையாமல் ஜெபித்துக்கொண்டு வந்தாள். நானும் கண்ணை மூடினேன். எனக்கு ஜெபம் வரவில்லை. உண்டியல் உடைத்தவன் போலீஸ் ஸ்டேஷனுக்குள் புகார் கொடுக்கப் போவதுபோல இருந்தது. மம்சாபுரம் விலக்கில் பஸ் நின்றபோது இறங்கி ஓடிவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. பள்ளிக்கூட வாசலில் தோன்றியதே, அதே மாதிரி.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் மகளை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். ஆண் குழந்தை. பிறந்ததும் அழவில்லை. வயிற்றுக்குள்ளேயே மலம் கலந்த தண்ணீரைக் குடித்துவிட்டது, மூச்சுக்குச் சிரமப்படுகிறது, குழாய் வைத்திருக்கிறோம் என்று குழந்தை டாக்டர் வெளியே வந்து சொன்னார். எழுபத்திரண்டு மணி நேரம் போக வேண்டும் என்றார். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கைப்பிடி உடம்பு. மூக்கில் குழாய், காலில் ஊசி. நெஞ்சு மட்டும் துருத்தி மாதிரி போய்ப் போய் வந்தது. என் இரண்டு விரலையும் வேட்டியில் துடைத்தேன். அதில் ஒன்றும் இல்லை. திரும்பவும் துடைத்தேன்.

மறுநாள் சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் சபை ஐயர் வந்தார். நல்ல மனுஷர். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறார், சட்டை முதுகெல்லாம் வேர்வை. மகளின் கட்டிலைச் சுற்றி நாங்கள், மருமகன், சம்பந்தியம்மா எல்லோரும் நின்றோம். மனைவி அவரிடம் உபவாசத்தைப் பற்றி ஏற்கெனவே சொல்லியிருக்கிறாள். அவர் ஜெபிக்கும் முன்னால் மகளைப் பார்த்துச் சொன்னார்.

"பயப்படாதம்மா. அப்பா ஒனக்காக இருவத்தோரு நாள் உபவாசம் இருந்திருக்காங்க. அந்தப் பிரயாசம் வீணாப் போகாது."

சம்பந்தியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். தாழ்மை என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். இருபது நாள்தான் ஐயா, இருபத்தோராம் நாள் கெடுத்துவிட்டேன் என்று. வாய் திறக்கவில்லை. எல்லோருடைய நம்பிக்கையையும் என் வயிற்றின்மேல் தூக்கி வைத்துவிட்டார்கள், அதில் ஓட்டை விழுந்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவர் போன பிறகு ஒரு முடிவுக்கு வந்தேன். குழந்தைக்குக் குழாயை எடுக்கிற வரை எனக்குத் தண்ணீர்கூட வேண்டாம். விட்டதைப் பிடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மனைவி கேட்டபோது, கேன்டீனில் சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லிவைத்தேன். அவள் மகளோடு கிடந்தாள், துருவிக் கேட்க அவளுக்கு நேரமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையை யாரிடமோ ஒப்படைத்துவிட்டுப் பாய் வந்தார். கையில் ஒரு சீப்புப் பழமும் பன்னும். ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். நான் கிளாஸை வாங்கிக் கீழே வைத்தேன். ஆறிப்போயிற்று. என் உதட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எம்புட்டு நேரமாத் தண்ணி குடிக்கல?"

சொன்னேன். வெள்ளிக்கிழமை அவர் போன பிறகு நடந்ததையும் சொன்னேன். முதல் முறையாக ஒருவரிடம் சொன்னேன். அவர், "இதுக்குத்தானா சட்டிய அடிப்பிடிக்க விட்டே?" என்றார். பிறகு பழத்தைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்.

"எங்கள்ல நோம்பு வச்சிருக்கப்ப மறந்து தின்னுட்டா நோம்பு முறியாது மாப்ள. ஞாபகம் வந்ததும் நிறுத்திக்கிட்டு, மேக்கொண்டு நோம்பத் தொடர வேண்டியதுதான். அல்லாவே ஊட்டிவிட்டதா நெனச்சுக்கிடுவோம். வேணும்னு தின்னாத்தான் தப்பு."

"அது ஒங்க சட்டம் பாய்."

"சரி, ஒங்க சட்டம் என்ன சொல்லுது?"

வாயைத் திறந்தேன். பிறந்ததிலிருந்து கேட்டது எல்லாம் வரிசையாக வந்து நின்றது. நம் கிரியையினால் அல்ல, கிருபையினால்; நாம் செய்வதால் அல்ல, அவர் சும்மா தருவதால். ஒவ்வொரு ஞானஸ்நானத்திலும் கேட்டது, ஒவ்வொரு அடக்க ஆராதனையிலும் கேட்டது. ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடமாகச் சொல்லி டிபன் டப்பா பரிசு வாங்கியது. அதைச் சொன்னால் அடுத்த நிமிஷம் இந்த டீயை எடுத்துக் குடிக்க வேண்டியிருக்கும். பயமாக இருந்தது.

"எங்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்" என்றேன்.

பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன மாப்ள இது. ஒங்காளுக முக்குல மைக் கட்டி, எல்லாம் எலவசம் எலவசம்னு சொல்லுதாக. நான் கட வாசல்ல ஒக்காந்து வருசக்கணக்காக் கேட்டுக்கிட்டு வாரேன். நீ கஷ்டம்ங்கிறே."

நான் சிரிக்கவில்லை. அவர் போகும்போது பன் பொட்டலத்தை என் மடியில் வைத்துவிட்டுப் போனார். அதைக் குழந்தைகள் வார்டு வாசலில் இருந்த ஒரு அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அவருடைய பேச்சு ஆறுதலாக இல்லை, எரிச்சலாகத்தான் இருந்தது. அவர்களுடைய நோன்பில் மறதிக்கு இடம் இருக்கிறது. என் பொருத்தனையில் இல்லை. அந்தப் பொருத்தனையை எழுதியது யார் என்று அப்போது நான் கேட்டுக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை காலை ஏழு மணி இருக்கும். மாடிப் படியில் ஏறிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக மலை தெரிந்தது, அதன் தலையில் மேகம் படுத்திருந்தது. மேகம் படிக்கட்டுக்குள் வருகிறதே என்று நினைத்தது வரைக்கும் நினைவிருக்கிறது.

கண் விழித்தபோது ஒரு கட்டிலில் கிடந்தேன். தலையில் கட்டு, வலது கையில் ஊசி, மேலே பாட்டில் தொங்கியது. மனைவி பக்கத்தில் நின்றாள். அவள் முகத்தில் அழுகை இல்லை. அதைவிட மோசமாக இருந்தது.

"என்ன ஏறுது?" என்று கேட்டேன்.

"குளுக்கோசு. சக்கரத் தண்ணி."

ஊசியைப் பிடுங்க இடது கையைக் கொண்டுபோனேன்.

"அதத் தொட்டீகன்னா மிச்சம் இருக்க மண்டையையும் நானே ஒடச்சிருவேன்" என்றாள். "அங்கன பிள்ள பெத்தவ எந்திரிக்க முடியாமக் கெடக்கா. அவள விட்டுட்டு ஒங்களத் தூக்கிக்கிட்டு நிக்கேன். டாக்டர் கேக்காரு, இவிய எத்தன நாளாச் சாப்பிடலன்னு. எனக்குத் தெரியலன்னேன். பொண்டாட்டிக்குத் தெரியாதாங்காரு. எனக்கு மானம் போச்சு."

அப்போது மகள் வந்தாள். ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். ஒரு கையால் சுவரையும் ஒரு கையால் அடிவயிற்றையும் பிடித்துக்கொண்டு, அடி அடியாக. சம்பந்தியம்மா பின்னாலேயே வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். மகள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

"எதுக்குப்பா?" என்றாள்.

பொய் சொல்ல உடம்பில் தெம்பு இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளிக்கிழமை, விரல், கோவா, ஒரு மணி, மூன்று மணி போன். என்னால்தான் என்றேன். பிள்ளை அழாததற்கு நான்தான் காரணம் என்றேன். அவள் என்னைத் தேற்றுவாள் என்று எங்கோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருந்தேன்போல.

அவள் தேற்றவில்லை.

"எம்பிள்ள மூச்ச ஒங்க வாயில கட்டி வச்சிருந்தீகளா?"

நான் எழுந்து உட்காரப் பார்த்தேன்.

"பொழச்சா நீங்க பட்டினி கெடந்ததுனால. இல்லன்னா நீங்க கோவா தின்னதுனால. எல்லாம் நீங்கதான். அப்ப சாமிக்கு என்ன வேல? எனக்கு என்ன வேல? நான் ஒம்போது மாசம் சொமந்ததெல்லாம் சும்மாவா?"

"ஏட்டி, மெதுவாப் பேசு, தையல் பிரிஞ்சிரும்" என்றாள் மனைவி.

"இரும்மா. போன தடவ கலைஞ்சப்ப நீங்க ஒண்ணுமே சொல்லலப்பா. அப்பாவுக்கு வருத்தம்னு நெனச்சேன். நான் என்ன தப்புப் பண்ணுனேன்னுதான் அப்பயும் யோசிச்சுக்கிட்டு இருந்தீகளா? இல்ல, நீங்க என்ன பண்ணுனீகன்னா?" அவள் குரல் இறங்கிவிட்டது. "ரெண்டும் ஒண்ணுதான்ப்பா. நானும் அதத்தான் ஒரு வருசமா யோசிச்சேன். மாடிப்படி ஏறுனேனே, பப்பாளி தின்னேனோன்னு. யாரு கத்துக் குடுத்தான்னு இப்பத் தெரியுது."

நான் கவலைப்படுவதால் எனக்கு மட்டும்தான் நஷ்டம் என்று அவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

அவள் என் இடது கையை எடுத்து உள்ளங்கையைத் திருப்பினாள். சட்டிச் சூடு பட்டுக் காய்த்துப் போன கை.

"ஆலயத்துல திருவிருந்து அப்பம் வாங்குறப்ப இந்தக் கையத்தான நீட்டுறீக? அப்பத்த நீங்களா எடுக்குறீக? ஐயர்தான வச்சு விடுறாரு? வெறுங்கையா நீட்டிட்டு வந்து, வீட்டுல உக்காந்து வெல பேசுறீகளே."

சம்பந்தியம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பாட்டிலில் சொட்டு இறங்கிக்கொண்டிருந்தது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்காமலே, மெல்லாமலே, என் நாக்கில் படாமலே அது உள்ளே போய்க்கொண்டிருந்தது.

எழுந்து போகும்போதுதான் அவள் சொல்ல வந்த விஷயத்தையே சொன்னாள்.

"காலைல எட்டு மணிக்குக் கொழாய எடுத்துட்டாக. தானா மூச்சு விடுதான். அழுதானாம். அத்த கேட்டாகளாம்."

எட்டு மணிக்கு நான் நினைவில்லாமல் கிடந்தேன். உபவாசத்திலும் இல்லை, ஜெபத்திலும் இல்லை.

இதை இத்தோடு முடித்துவிட்டால் நல்ல சாட்சியாக இருக்கும். ஆலயத்தில் எழுந்து நின்று சொல்லலாம். ஆனால் நடந்தது அப்படி இல்லை.

பன்னிரண்டாம் நாள் தாயும் பிள்ளையும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அனுப்பும்போது டாக்டர் மகளையும் மருமகனையும் உட்கார வைத்துப் பேசினார். பிறந்தவுடன் சில நிமிஷம் மூளைக்குக் காற்று சரியாகப் போகவில்லை. ஒன்றும் இல்லாமலும் போகலாம், வளர வளரத் தெரியலாம். நாலு மாதத்தில் தலை நிற்கிறதா என்று பார்க்க வேண்டும், வலிப்பு வருகிறதா என்று கவனிக்க வேண்டும், மாதா மாதம் கொண்டுவர வேண்டும் என்றார். கிளம்புகிற நேரத்தில் நான் மட்டும் பின்தங்கி அவரிடம் கேட்டேன், பனிக்குடத் தண்ணீர் எப்போது கெட்டிருக்கும் என்று. உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் அசைவு குறைவாக இருந்ததாக மகள் சொல்வது முந்தின நாள் ராத்திரியிலிருந்து என்றார். அப்படியென்றால் வியாழக்கிழமை. நான் கோவாவை வாயில் வைப்பதற்கு முன்னால்.

பஸ்ஸில் வரும்போது நெஞ்சு லேசாக இருந்தது. ஊர் வந்து கோபுரம் கண்ணில் படுவதற்குள் மனம் வேறு இடத்துக்குப் போய்விட்டது. அப்படியென்றால் வியாழக்கிழமை நான் என்ன செய்தேன்? புதன்கிழமை? பதினெட்டாம் நாள் பால்காரரிடம் கோபப்பட்டேனே, அதுவா? என் மனம் குற்றத்தை விடுவதற்குச் சம்மதிக்கவில்லை, தேதியைத்தான் மாற்றியது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கே என்மேல் பயம் வந்தது. மன்னிக்கப்பட்டுவிட்டாய் என்று யாராவது சொன்னால் நான் தேடுவது மன்னித்தவரை அல்ல, விட்டுப்போன குற்றத்தை.

வீட்டுக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமை காலையில் மனைவி ஒன்றும் பேசாமல் தட்டில் நான்கு இட்லி வைத்தாள். வெள்ளிக்கிழமை காலைச் சாப்பாட்டை மட்டும் உபவாசமாக விடுவது என் வழக்கம், எத்தனையோ வருஷமாக. உபவாசம் இருப்பது தப்பு என்று நான் இப்போதும் நினைக்கவில்லை. சபையில் எத்தனையோ பேர் சந்தோஷமாக உபவாசம் இருக்கிறார்கள். நான் ஒரு நாளும் சந்தோஷமாக இருந்ததில்லை. மகள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்காததுபோலப் பார்த்தாள்.

முதல் துண்டைப் பிட்டேன். பிள்ளை தும்மியது. கை நின்றுவிட்டது.

"தும்முனதுக்கும் இட்டிலிக்கும் சம்பந்தம் இல்ல, தின்னுங்க" என்றாள் மனைவி.

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தையல் இழுத்ததோ என்னவோ, உடனே முகத்தைச் சுளித்தாள். நான் நாலையும் சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை. திருடிச் சாப்பிடுவதுபோல வேகமாகச் சாப்பிட்டேன். அதற்கு மேல் அன்றைக்கு என்னால் முடியவில்லை.

அடுத்த இரண்டு மாதமும் திருவிருந்துக்கு எழுந்து போகவில்லை. பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். மூன்றாவது மாதம் முதல் ஞாயிறு மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "கையத்தான நீட்டணும்? அதுக்குத் தயாராவ என்ன கெடக்கு?" என்று காதில் சொன்னாள். போனேன். முழங்கால் போட்டுக் கையை நீட்டினேன். ஐயர் வரிசையாக ஒவ்வொரு கையிலும் வைத்துக்கொண்டே வந்தார். என் கையிலும் வைத்தார். என் கை என்ன செய்தது, எதை வாயில் வைத்தது என்று அவர் கேட்கவில்லை, நிற்கவும் இல்லை, அடுத்த கைக்குப் போய்விட்டார். சமாதானம் வந்து நிறைந்தது என்றெல்லாம் எழுத மாட்டேன். கேட்காமல் போனாரே என்ற வியப்புதான் இருந்தது. அது இன்னும் இருக்கிறது.

பிள்ளைக்கு இப்போது நாலாவது மாதம் நடக்கிறது. குப்புற விழுகிறான். தலையைத் தூக்குகிறான், சில நேரம் சட்டென்று விட்டுவிடுகிறான். வருகிற திங்கட்கிழமை ராஜபாளையம் கொண்டுபோக வேண்டும். டாக்டர் என்ன சொல்வார் என்று எங்களுக்குத் தெரியாது. வீட்டில் மூன்று பேரும் அவன் கழுத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோம், ஒருவருக்கொருவர் தெரியாமல்.

நேற்று வெள்ளிக்கிழமை. பன்னிரண்டே காலுக்குப் பாய் தொப்பியை எடுத்தார். வாசலில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். நான் போங்க என்று கை காட்டினேன். சட்டி சேர்ந்து வர ஒரு மணி ஆகிவிட்டது. கடையில் வேறு யாரும் இல்லை. சட்டைப் பையில் போன் இருந்தது, அது அடிக்கப் போகிறது என்று தோன்றிக்கொண்டே இருந்தது. ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்தால் திங்கட்கிழமை நல்லபடியாகப் போகும் என்று பழைய குரல் காதுக்குள்ளேயே பேசியது. இன்று ஒரு நாள் மட்டும், கோவா மட்டும் போதும் என்றது.

துடுப்பின் நுனியிலிருந்து விரலால் வழித்தேன். உருட்டினேன். ஆண்டவரே, பிள்ளையை நீர் பார்த்துக்கொள்ளும், என்னிடம் கொடுக்க ஒன்றும் இல்லை என்று சத்தமாகவே சொன்னேன். இந்தத் தடவை தெரிந்தே வாயில் வைத்தேன்.

பதம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் இறுக வேண்டியிருந்தது. இரண்டு கை முந்திரித் தோட்டை அள்ளி அடுப்பில் போட்டுவிட்டுத் துடுப்பை எடுத்துக்கொண்டேன்.